சித்திரை உப்பளத்தில் பாதி சிவந்த உள்ளான்கள்: எப்படிப் பிரிப்பது, எப்படி எண்ணுவது?

கழிமுகம்:
கோடியக்கரை, வேதாரண்யம் உப்பளப் பக்கம் கணக்கெடுப்பவர்களிடம் கேட்கிறேன். மாசி வரை சாம்பல் நிறக் குளிர்காலக் கோலத்தில் தெளிவாகப் பிரிக்க முடிந்த கரைப்பறவைகள், பங்குனி பாதிக்கு மேல் சிவப்பான இனப்பெருக்கக் கோலத்துக்கு இறகு மாற்றத் தொடங்கியதும் குழப்புகின்றன. சிறிய, பெரிய மணல் உப்புக்கொத்திகளை இப்போது எதை வைத்துப் பிரிப்பது? முகம் சிவந்த கொசு உள்ளானைச் செங்கழுத்துக் கொசு உள்ளான் என்று பதியலாமா? இரண்டாயிரம் பறவைகள் கலந்து நிற்கும் கூட்டத்துக்கு எண்ணிக்கை போடுவது எப்படி? மே கடைசியில் நிற்கும் வளைமூக்கு உள்ளான்களை, நாம் பட்டியல் பதியும் இ-பேர்ட் இணையதளம் கேள்விக்குறி போட்டுக் காட்டுகிறது, அதற்கு என்ன எழுதுவது?

வரப்போரம்:
உப்புக்கொத்திக்கு மட்டும் சொல்கிறேன். இந்த மாதங்களில் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். ஒரே கூட்டத்தில் முழுச் சிவப்பு, கால் சிவப்பு, துளியும் சிவக்காதது எல்லாம் நிற்கும். மாறாதவை அலகும் காலும்தான்.

அலகின் நீளத்தை, அலகடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையுள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். அலகு அதைவிடத் தெளிவாக நீண்டிருந்தால் பெரியது. சமமாகவோ குறைவாகவோ இருந்தால் சிறியது. பறவை முழுப் பக்கவாட்டில் நிற்கும்போது மட்டுமே இந்த அளவு செல்லும். தலை கொஞ்சம் நம் பக்கம் திரும்பினாலும் அலகு குட்டையாகத் தெரியும், தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. பெரியதன் கால் பச்சை கலந்த மஞ்சள், சிறியதன் கால் கருஞ்சாம்பல். ஆனால் உப்பளச் சேறு அப்பிய காலில் நிறம் பார்க்காதீர்கள். பறக்கும்போது பெரியதன் விரல்கள் வாலுக்கு வெளியே நீட்டித் தெரியும்.

சிறியதை இப்போது திபெத்தியம், சைபீரியம் என்று இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள். நம் கரையில் குளிர்காலம் கழிப்பது பெரும்பாலும் திபெத்தியம். இனப்பெருக்கக் கோலத்தில் ஆணின் நெற்றி முழுக்கக் கறுப்பாக இருக்கும். சைபீரிய ஆணின் நெற்றியில் வெள்ளை தெரியும், தொண்டை வெள்ளைக்கும் மார்புச் சிவப்புக்கும் நடுவே மெல்லிய கருங்கோடு ஓடும். சாம்பல் கோலத்தில் உள்ளதை 'திபெத்தியம் அல்லது சைபீரியம்' என்று பிரிக்காமலே பதியுங்கள். இன்னொன்று: திபெத்தியத்துக்கு அலகு சற்றே நீளம். கிழக்கு ஆசியாவுக்கு எழுதிய கையேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அதைப் பெரியது என்று நினைக்கத் தோன்றும்.

நாணல்:
கொசு உள்ளானுக்கும் சித்திரையில் முகமும் மார்பின் இருபக்கமும் நன்றாகச் சிவக்கும். அது போதாது. தொண்டையைப் பாருங்கள். சிவப்புக்கு நடுவிலும் தொண்டை வெள்ளையாக இருந்தால் கொசு உள்ளான்தான். முதுகில் வெளிர்நிற 'வி' கோடும் எடுப்பாகத் தெரியும். செங்கழுத்துக்குத் தொண்டையும் சேர்ந்து சிவக்கும். உடல் நீண்டு, கால் குட்டையாகத் தெரியும். நம் பக்கம் அரிது என்பதால் தொண்டை தெரியும் படம் இல்லாமல் பதியாதீர்கள். கால் மஞ்சளாக இருந்து, நன்னீர் ஓரத்தில் தனியாக ஒண்டி மேய்ந்தால் இரண்டும் இல்லை, அது டெம்மிங்க் உள்ளான்.

மே கடைசி வளைமூக்கு உள்ளானுக்கு வருவோம். முதிர்ந்தவை ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்துக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். அதற்குப் பிறகும் நிற்பவை பெரும்பாலும் முந்தைய ஆண்டு பிறந்தவை. முதல் கோடையில் வடக்கே போகாமல் இங்கேயே தங்கும், சிவக்காது, சிவந்தாலும் திட்டுத்திட்டாகத்தான். குறிப்பில் 'தாமதம்' என்று மட்டும் எழுதாமல் இப்படி எழுதுங்கள்: எத்தனை பறவை, அதில் எத்தனை சாம்பல், எத்தனை சிவப்பு, அலகு வளைவு தெரிந்ததா, பறக்கும்போது பிட்டத்தில் வெள்ளை தெரிந்ததா. சரிபார்ப்பவருக்கு அது போதும். ஆகஸ்டில் மங்கிய சிவப்போடு தெரிபவை போகாமல் தங்கியவை அல்ல, அதற்குள் திரும்பி வந்த முதிர்ந்த பறவைகள்.

கானல்:
எண்ணிக்கைக்கு முதல் எதிரி வெயில். ஒன்பது மணிக்கு மேல் உப்புப் பாத்தி மீது கானல் ஆடத் தொடங்கிவிடும். அதன் பிறகு தொலைநோக்கியை 60 மடங்குக்கு ஏற்றினால் கானல்தான் பெரிதாகும், பறவை தெளியாது. 20 முதல் 30 மடங்கில் நிறுத்துங்கள். விடிந்ததும் சூரியனை முதுகில் வைத்துக்கொள்ளும் வரப்பிலிருந்து தொடங்குங்கள். நீர் ஏறும் நேரத்தில் சேற்றுத் திட்டுகள் மூழ்கி, பறவைகள் பாத்தி வரப்புகளில் நெருங்கி உட்காரும், அப்போது எண்ணுவது எளிது. ஆனால் நம் பக்கம் நீர்மட்டத்தைக் காற்றும் ஏற்றி இறக்கும், ஓத அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள்.

முதல் முறை இனம் பார்க்காமல் மொத்தத்தை எண்ணுங்கள். ஐம்பது பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்த அகலத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் மறுமுனை வரை அடுக்குங்கள். இரண்டாம் முறை கூட்டத்தின் நடுவிலும் இரு ஓரங்களிலும் நூறு நூறாக எடுத்து இனம் பிரித்து, அந்த விகிதத்தை மொத்தத்துக்குப் போடுங்கள். ஓரத்தில் மட்டும் எடுத்தால் கணக்கு சாயும், கொசு உள்ளான்கள் பெரும்பாலும் ஓரத்தில்தான் மேயும். பிரிக்க முடியாததை 'உள்ளான் இனம்' என்றே போடுங்கள். எண்ணுக்குப் பதில் 'எக்ஸ்' (பார்த்தேன், எண்ணவில்லை) போடுவதைவிடத் தோராயமான எண் எப்போதும் பயனுள்ளது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டத்தைக் கிளப்பாதீர்கள். இந்த வாரங்களில் அவை நீண்ட பயணத்துக்குக் கொழுப்பு சேர்க்கின்றன. சில இனங்கள் கிளம்பும்போது எடை ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும். மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினாலே நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், இரண்டடி பின்வாங்குங்கள்.

கழிமுகம்:
மிக்க நன்றி. ஆய்வாளர்கள் காலில் மாட்டிய அடையாள வளையம், சிறு கொடி தெரிந்தால் எதையெல்லாம் குறிக்க வேண்டும்?

வரப்போரம்:
எந்தக் கால் (பறவையின் இடம், வலம், உங்களுடையது அல்ல), மூட்டுக்கு மேலா கீழா, கொடியின் நிறம், எழுத்துகள், எந்தக் காலில் உலோக வளையம் என்று குறியுங்கள். எழுத்து பாதி தெரிந்தால் தெரிந்ததை மட்டும் எழுதி மற்றதற்குக் கேள்விக்குறி போடுங்கள். தகவலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

வரப்பில் நடக்கும்போது காலடியையும் பாருங்கள். சித்திரை, வைகாசியில் நெடுங்கால் உள்ளானும், வலசை போகாத உள்ளூர் உப்புக்கொத்தியும் அங்கேயே வெறுந்தரையில் முட்டையிடும். இறக்கை ஒடிந்ததுபோல் ஒரு உப்புக்கொத்தி முன்னால் தத்தினால் அதைத் தொடராமல், வந்த வழியே திரும்பிவிடுங்கள். அந்த வெயிலில் சில நிமிடம் அடைகாக்காமல் விட்டாலே முட்டை வெந்துவிடும்.