வளைவில் முழுதாகத் திருப்பினால் பின்பக்கம் முனகும் பழைய ஆல் வீல் டிரைவ்: டிஃபரன்ஷியலை மாற்றத்தான் வேண்டுமா?

மெட்டுச்சாலை (கம்பம்):

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் 2006ஆம் ஆண்டின் ஹோண்டா சிஆர்-வி இருக்கிறது, 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், முன்சக்கரம் வழுக்கும்போது பின்சக்கரங்களுக்கும் இழுவை போகும் அமைப்பு. இதுவரை 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எர்ணாகுளம் பக்கத்திலிருந்து வாங்கினேன். நான் மூன்றாவது உரிமையாளர். கம்பத்தில் வீடும் வண்டன்மேட்டுக்கு அப்பால் ஒரு சிறிய ஏலத்தோட்டமும் இருப்பதால், வாரத்தில் நான்கு நாட்களாவது கம்பம்மெட்டுச் சாலையில் ஏறி இறங்குகிறேன். தோட்டத்தை அடையும் கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் செம்மண் பாதை. ஆடி மாதத்தில், இங்கே கம்பத்தில் தூறல்கூட இல்லாத நாளில், அங்கே முழங்கால் அளவு சேறு இருக்கும். ஆகவே நான்கு சக்கர இழுவை எனக்கு ஆடம்பரம் அன்று.

மூன்று மாதங்களாக ஒரு சத்தம் வருகிறது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது, பின்னிருக்கைக்கு அடியிலிருந்து கன்றைப் பிரிந்த எருமை முனகுவதுபோல ஒரு நீண்ட ஒலி எழுகிறது. கூடவே வண்டி லேசாக நடுங்குகிறது. நேர்ச்சாலையில் எந்த வேகத்திலும் இது இல்லை. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது குறைவாகவும், மெட்டு ஏறி முடித்த பின் தோட்ட வாசலில் திருப்பும்போது அதிகமாகவும் கேட்கிறது. இதைத் தவிர, பின்கியரிலிருந்து முன்கியருக்கு மாற்றும்போது அடியில் ஒரு "டக்" என்ற தட்டலும் உண்டு. நான்கு மாதங்களுக்கு முன் பின்சக்கர டயர்கள் இரண்டை மட்டும் புதிதாகப் போட்டேன். முன்டயர்களில் அவற்றைவிட 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்மானம் கூடுதல்.

ஒரு பட்டறையில், பின்சக்கரங்கள் இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பின் டிஃபரன்ஷியல் போய்விட்டது, செகண்ட் ஹேண்டில் முழு அசெம்பிளியாக வாங்கி மாட்ட வேண்டும் என்று ஒரு லட்சத்துக்கு மேல் கணக்குச் சொன்னார்கள். இன்னொரு பட்டறையில், முன்னிருந்து பின்னுக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டான ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு முன்சக்கர இழுவையில் மட்டும் ஓட்டுங்கள், சத்தம் நின்றுவிடும் என்கிறார்கள். இந்த இரண்டில் எதைச் செய்வது, அல்லது இரண்டுக்கும் முன்னால் நானே பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

புளியமரத்தடி (போடிநாயக்கனூர்):

முதலில் வீல் பேரிங்கையும் ஆக்சில் ஜாயிண்ட்டையும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். பேரிங் தேய்ந்திருந்தால் நேர்ச்சாலையில் வேகம் கூடக் கூட ஊளைச் சத்தமும் கூடும். ஓடும்போதே ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்தால், எடை ஏறும் பக்கத்துப் பேரிங் உரக்கக் கத்தும். முன் ஆக்சில் ஜாயிண்ட் என்றால் முனகாது. திருப்பத்தில் "டிக் டிக்" என்று சீராகத் தட்டும், பெரும்பாலும் ரப்பர் பூட் கிழிந்து, ரிம்மின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருக்கும். நான் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் இந்த இரண்டையும் மாறி மாறி அனுபவித்தவன். நீங்கள் சொல்லும் ஒலி இரண்டிலும் சேரவில்லை.

பழைய ஸ்பானர் (குமுளி):

தம்பி, எந்தப் பட்டறையாவது பின் டிஃபரன்ஷியலில் இருக்கும் எண்ணெயை இறக்கிப் பார்த்ததா என்பதை நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஏனெனில் பார்த்திருந்தால் ஒரு லட்சத்துக்குக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் வண்டியின் பின்பகுதி சாதாரண டிஃபரன்ஷியல் அன்று. அதற்குள் இரண்டு எண்ணெய்ப் பம்புகளும், எண்ணெயில் நனைந்தபடியே இருக்கும் பல தகடுகளைக் கொண்ட ஒரு கிளட்சும் இருக்கின்றன. ஒரு பம்பை ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வழியாக முன்சக்கரங்கள் சுழற்றுகின்றன. மற்றொன்றைப் பின்சக்கரங்கள் சுழற்றுகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால், ஒரு பம்ப் தள்ளும் எண்ணெயை மற்றொன்று உறிஞ்சிக்கொள்வதால் அழுத்தம் உருவாவதில்லை, கிளட்ச் விடுபட்டே இருக்கிறது. சேற்றில் முன்சக்கரம் வழுக்கி வேகமாகச் சுழலும்போது, முன் பம்ப் தள்ளும் கூடுதல் எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறி, அது கிளட்ச் தகடுகளை நெருக்கி, பின்சக்கரங்களுக்கு இழுவையைக் கொடுக்கிறது. இதில் கணினியின் வேலை எதுவும் கிடையாது என்பதால் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தாலும் ஒரு பிழைக் குறியீடும் வராது.

இப்போது வளைவுக்கு வாருங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் உருளுகின்றன. வேறுபாடு பத்து சதவீதத்துக்கும் மேல் வரும். அந்தப் பம்புகளுக்கு வளைவும் தெரியாது, வழுக்கலும் தெரியாது. முன்பக்கம் வேகமாகச் சுழல்கிறது என்பது மட்டுமே தெரியும். ஆகவே நல்ல வண்டியிலும் அந்த நேரத்தில் கிளட்ச் ஓரளவு பிடிக்கத்தான் செய்யும். எண்ணெய் சரியாக இருந்தால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுவழுப்பாக நழுவும். எண்ணெய் கெட்டிருந்தால் ஒட்டுவதும் விடுபடுவதுமாக நொடிக்குப் பலமுறை அதிரும். நீங்கள் எருமை முனகல் என்று எழுதியது இந்த அதிர்வைத்தான். சூடேறிய பின் அதிகம் கேட்கிறது என்பதும் இதனோடு பொருந்துகிறது.

இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. டிஃபரன்ஷியல் என்றவுடன் தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். அது பல்சக்கரத்துக்கு ஏற்றது. நனைந்த கிளட்சுக்கு ஏற்றது அன்று. இந்த அமைப்புக்கென்றே ஹோண்டா விற்கும் "டூயல் பம்ப் ஃப்ளூயிட்" மட்டுமே இதற்குள் போக வேண்டும். ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும்; இரண்டாம் முறை மாற்றவும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்துக் கிலோமீட்டர் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, மேலே இருக்கும் நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது துருவேறி வராவிட்டால் கீழ் பிளக்கைத் தொடக்கூடாது; எண்ணெயை இறக்கிவிட்டு ஊற்ற வழியில்லாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். இறங்கும் எண்ணெயை வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். கருத்துக் கருகிய வாடை வீசினால் வெறும் முதுமை. பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது; ஓடிச் சூடான ஹவுசிங் (டிஃபரன்ஷியலின் வெளிக்கூடு) ஓடைத் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது மூச்சுக்குழாய் வழியே நீரை உறிஞ்சுவதுண்டு. வண்டி எர்ணாகுளத்திலிருந்து வந்தது என்பதால் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தையும் நினைவில் கொள்ளுங்கள்: சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து, கடைசி ஒரு முழத்தில் வண்டல் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கீழ் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது இயல்பு. கையில் உறுத்தும் இரும்புத் துணுக்கு இருந்தால் மட்டுமே அந்தப் பட்டறைக்காரர் சொன்னதை யோசிக்க வேண்டும்.

புதிய வாஷர் போட்டுக் கீழ் பிளக்கை மூடி, மேல் துளையில் எண்ணெய் வழியும்வரை நிரப்புங்கள். பிறகு ஒரு காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, இடப்பக்கம் ஐந்து வட்டம், வலப்பக்கம் ஐந்து வட்டம் மெதுவாகச் சுற்றுங்கள். பழைய எண்ணெய் தகடுகளுக்கிடையே தங்கியிருப்பதால் சத்தம் முழுதாகப் போகாவிட்டால், சில நூறு கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை மாற்றுங்கள்.

தென்றல்வாசல் (செங்கோட்டை):

அண்ணாச்சி சொன்னதோடு டயரையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. 3 மில்லிமீட்டர் தேய்மானம் என்றால் விட்டத்தில் 6, சுற்றளவில் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். 2.1 மீட்டர் சுற்றளவுள்ள டயரில் அது 0.9 சதவீதம், நூறு கிலோமீட்டர் பயணத்தில் முன்சக்கரம் 900 மீட்டர் கூடுதலாக உருண்ட கணக்கு. சுபாரு நிறுவனம் நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதாவது 6 மில்லிமீட்டர் சொச்சம். உங்கள் வண்டி அதைப்போல மூன்று மடங்கில் நிற்கிறது.

ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் யோசனையை நான் ஏற்கவில்லை. என்னிடம் இருப்பது பழைய சுசுகி கிராண்ட் விட்டாரா. அதில் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பக்க ஷாஃப்ட்டைக் கழற்றினால், இழுவை எதிர்ப்பில்லாத அந்தப் பக்கத்திலேயே வீணாகி வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். உங்கள் வண்டி ஓடும்தான். ஆனால் ஆடி மாதச் சேற்றில் எதற்காக இந்த வண்டியை வாங்கினீர்களோ அது இருக்காது. ஸ்கோடா யெட்டி வைத்திருக்கும் என் நண்பருக்கு உங்கள் சத்தத்துக்கு நேரெதிரான அனுபவம்: பின்சக்கரங்களுக்கு இழுவையை இணைக்கும் பின் கப்ளிங்கின் எண்ணெயை மாற்றாமலே விட்டதில் அதன் மின்பம்ப் செயலிழந்தது. முனகல், நடுக்கம் எதுவும் இல்லை. ஆரியங்காவுக்கு அருகே ஈரமான ஏற்றத்தில் முன்சக்கரம் மட்டும் சுற்றியபோதுதான் அவருக்கே தெரிந்தது.

பழைய ஸ்பானர் (குமுளி):

டயர்க் கணக்கு சரியே; ஆனால் இந்த வண்டியில் அது குற்றவாளி அன்று. டயர் தேய்மானத்தையும் மென்மையான வளைவையும் பொறுத்துக்கொள்வதற்காகவே பின் பம்பின் கொள்ளளவை முன் பம்பைவிட 2.5 சதவீதம் கூடுதலாக வைத்திருக்கிறார்கள். 0.9 அதற்குள் அடங்கிவிடும். நான்கும் ஒத்திருப்பது நல்லதுதான், அதற்காக இன்றே இரண்டு டயர் வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். அதுவரை காற்றழுத்தம் சரியாக இருக்கட்டும்.

"டக்" தட்டல் வேறு கதை. ஷாஃப்ட்டின் கிராஸையும் (மடங்கிச் சுழலும் சிலுவை இணைப்பு) நடு பேரிங் ரப்பரையும், டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர் புஷ்களையும் பாருங்கள். பார்க்கும்போது முன்சக்கரங்களை மட்டும் ஜாக்கில் தூக்கி வைத்துக்கொண்டு கியர் போட்டுச் சுழற்றிச் சோதிக்காதீர்கள். மேலே சொன்ன பம்புகள் உடனே பின்சக்கரங்களைப் பிடிக்கும். வண்டி ஜாக்கை விட்டுப் பாய்ந்துவிடும்.

புளியமரத்தடி (போடிநாயக்கனூர்):

இடையில் ஒரு கேள்வி. இப்படிப்பட்ட வண்டி மலையில் நின்றுவிட்டால், முன்பக்கத்தை மட்டும் தூக்கி இழுத்துவரும் ரெக்கவரி வண்டியை அழைக்கலாமா?

பழைய ஸ்பானர் (குமுளி):

கூடாது. நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி பிளாட்பெட்டில் ஏற்றியே கொண்டுவர வேண்டும். முன்சக்கரம் நிற்க, பின்சக்கரம் மட்டும் முப்பது கிலோமீட்டர் உருண்டால், நல்ல டிஃபரன்ஷியலும் கெட்டுவிடும்.

மெட்டுச்சாலை (கம்பம்):

ஐயா, மிக்க நன்றி. எழுதத் தாமதமாகிவிட்டது, மழைக்கிடையே ஒரு வேலையும் ஓடவில்லை.

மேல் பிளக் எளிதில் வரவில்லை. துரு நீக்கியைத் தெளித்து ஓர் இரவு ஊறவிட்ட பிறகே அசைந்தது. இறங்கிய எண்ணெய் கருப்பட்டிப் பாகு நிறத்தில், கருகிய வாடையோடு இருந்தது. தண்ணீர் கலந்த அடையாளம் இல்லை. முன்பு இருந்தவர்கள் எதை ஊற்றினார்கள் என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை. வாங்கிய இரண்டு ஆண்டுகளில் நானும் அதைத் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது. காந்தத்தில் மெல்லிய பசை மட்டுமே. சீட் பெல்ட்டிலும் கறை இல்லை.

புதிய எண்ணெய் நிரப்பி, ஏலக்காய் காயவைக்கும் களத்துக்குப் பக்கத்துத் திடலில் வட்டம் சுற்றினேன். வேலையாட்கள் எல்லோரும் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். வலப்பக்க மூன்றாவது வட்டத்தில் முனகல் பாதியாகக் குறைந்தது. 400 கிலோமீட்டர் கழித்து இரண்டாம் முறை மாற்றியதில், மெட்டு ஏறி முடித்த சூட்டில் முழுதாக ஒடித்தாலும் நடுக்கம் இல்லை, முனகல் இல்லை. இரண்டு முறைக்கும் சேர்த்து ஆன செலவு, அந்த முதல் பட்டறை சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

"டக்" மட்டும் அப்படியே இருக்கிறது. கீழே படுத்துப் பார்த்ததில் ஷாஃப்ட்டின் கிராஸ் ஆட்டமில்லாமல் இருக்கிறது. டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர் ஒன்றில் கால்வட்டத்துக்கு விரிசல் தெரிகிறது, கம்பியால் நெம்பினால் ஹவுசிங் ஒரு விரல் அளவு நகர்கிறது. அந்த ஒரு புஷ்ஷை மட்டும் அழுத்தி மாற்றினால் போதுமா, மற்றவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

பழைய ஸ்பானர் (குமுளி):

விரிசல் கண்ட ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது விறைப்பாகவும் பழையது தளர்வாகவும் இருந்து, எடையெல்லாம் புதியதன் மேலேயே விழும். எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறையில் கொடுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.