மறு: சைக்கிள் முகாம் நாற்காலிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? – 'தூளியிருக்கை'

அனைவருக்கும் வணக்கம்.

இழையை முதலிலிருந்து படித்தேன். சைக்கிளில் பயணம் போய்க் கூடாரமடித்துத் தங்குகிறவர்கள் எடுத்துச்செல்லும் சிறு நாற்காலிக்கு இதுவரை வந்த பெயர்ப் பரிந்துரைகள் மூன்று: மடக்கு நாற்காலி, இலகுரக இருக்கை, பயணத்தவிசு. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

மடக்கு நாற்காலி என்றால் கல்யாண மண்டபத்து இரும்பு நாற்காலிதான் எல்லோர் மனத்திலும் வரும். நாம் பேசுகிற பொருளில் மடங்குகிற கீலே கிடையாது. உள்ளே ரப்பர் நாண் ஓடும் அலுமினியக் குழாய்த் துண்டுகள், அவை வந்து சேர்கிற பிளாஸ்டிக் இணைப்பு, நான்கு மூலையிலும் சிறு பை வைத்துத் தைத்த துணி, அவ்வளவுதான். குழாய்களைச் செருகி, துணியின் மூலைகளை நான்கு முனைகளில் மாட்டினால் உட்காரலாம். கழற்றிச் சுருட்டினால் ஏறக்குறைய 35 செ.மீ. நீளப் பொட்டலம். பின்சக்கரத்துப் பைக்குள் செங்குத்தாக நிற்கும்.

'இலகுரக' என்பது எதை வேண்டுமானாலும் குறிக்கும். இந்த வடிவத்தைப் பிரபலமாக்கிய கொரிய நிறுவனமான ஹெலினாக்ஸின் 'சேர் ஒன்' என்ற நாற்காலி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அவர்களுடைய 'சேர் ஜீரோ' ஏறக்குறைய அரைக் கிலோ. மலிவான நகல்களில் ஒரு கிலோவைத் தாண்டுவதும் உண்டு. மூன்றும் ஒரே வகைப் பொருள்தான். எடையைப் பெயரில் வைத்தால் நாளைக்கு இன்னொன்று வந்து பெயரைப் பொய்யாக்கிவிடும். தவிசு அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டதும் அரசவைதான் நினைவுக்கு வருகிறது.

நான் முன்வைப்பது தூளியிருக்கை. குழந்தைக்குச் சேலையில் கட்டுகிற தூளியில் எடை முழுவதையும் துணி தாங்குகிறது, துணியை முடிச்சு தாங்குகிறது. இதிலும் அப்படியே. குழாய்கள் துணியை விரித்துப் பிடிக்கின்றன. நம்மைச் சுமப்பது துணிதான். இந்தச் சொல்லைப் பழகியவர் கடையில் பொருளை எடுத்ததும் மூலைத் தையலைத்தான் முதலில் பார்ப்பார். பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

மலிவாக வாங்குகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நகல்களில் குழாய் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். முதலில் போவது மூலைப் பையின் தையல், அடுத்தது குழாய்கள் சேரும் இணைப்பு. மூலையில் ஒற்றை வரித் தையல் மட்டும் இருந்தால், பயணத்துக்கு முன்பே பை தைக்கும் கடையில் கொடுத்து, ஒரு விரல் அகல நைலான் நாடாவைப் பையின் அடியிலிருந்து துணியின் உள்பக்கம் வரை ஓடவிட்டுப் பெட்டித் தையல் (சதுரக் கட்டமாக ஓடும் தையல்) போடச் சொல்லுங்கள். கூடுகிற எடை சில கிராம்தான். சைக்கிள் முகாமுக்கும் தையலுக்கும் உறவு புதிதல்ல. 1901இல் இங்கிலாந்தில் சைக்கிள் முகாமாளர்களுக்குச் சங்கம் தொடங்கிய தாமஸ் ஹிராம் ஹோல்டிங் தொழிலால் தையற்காரர். எடை குறைந்த கூடாரங்களைத் தானே வடிவமைத்தவர்.

அடுத்த தொல்லை மணல். காலின் முனை 2 செ.மீ. விட்டம் என்று வையுங்கள். நான்கு காலுக்கும் சேர்த்துத் தரையைத் தொடும் பரப்பு 12–13 சதுர செ.மீ.தான். 70 கிலோ ஆள் உட்கார்ந்தால் ஒரு சதுர செ.மீ.க்கு ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்தம். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலில் (செம்மணல் மேடுகளில்) கால் நேரே இறங்கும், அதுவும் ஒரு பக்கமாக. டென்னிஸ் பந்தில் துளைபோட்டு மாட்டச் சொல்வார்கள். வேலை செய்யும்தான், ஆனால் ஒரு பந்து 56 கிராமுக்குக் குறையாது, நான்கு சேர்ந்தால் கால் கிலோவை நெருங்கும். அதற்குப் பதில் பழைய தார்ப்பாயில் ஒரு சதுரம் வெட்டி, மூலைகளில் கால் நுழையச் சிறு பை தைத்து அடியில் விரித்தால் நான்கு கால்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இரவில் அதையே மழைக்குச் சைக்கிள் இருக்கை மேல் போர்த்தலாம்.

இழையில் ஒரு நண்பர், "மூன்று கால் உள்ளதையும் இதே பெயரில் அடக்கலாமா?" என்று கேட்டிருந்தார். வேண்டாம் ஐயா. அதற்கு முக்காலி என்ற பெயர் ஏற்கனவே வீடுகளில் இருக்கிறது; துணி போட்டதைத் தூளி முக்காலி என்றால் போதும். மேடுபள்ளத்தில் முக்காலி ஆடாது, ஏனென்றால் மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். ஆனால் இரு கால்களுக்கு இடைப்பட்ட பக்கமாகச் சாய்ந்தால் கவிழும். முதுகுக்கும் ஒன்றும் இல்லை. சமைக்கும்போது உட்கார அது நல்லது, இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருக்கத் தூளியிருக்கைதான்.

மூன்றாவது வகை, உட்காரும் நுரைத் துண்டு. இதற்கு நுரைமணை. பழைய நுரைப் பாயில் 30க்கு 40 செ.மீ. அளவில் வெட்டிக்கொண்டால் செலவே இல்லை. சைக்கிள் பைகளை மரத்தடியில் நிறுத்திச் சாய்ந்துகொள்ளலாம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் சரிப்படாது. அவர்களுக்கு உயரமான முக்காலியே மேல், ஏனென்றால் தூளியிருக்கையும் தாழ்வுதான், எழுவது சிரமம்.

உறுப்புகளுக்கும் பெயர் வைத்துவிடலாம். குழாய்த் துண்டு: கழி. கழிகள் சேருமிடம்: கணு. உள்ளே ஓடும் ரப்பர் கயிறு: இழுநாண். துணியின் மூலைப் பை: முனைப்பை. காலின் அடி மூடி: பூண். உலக்கைக்கும் கைத்தடிக்கும் இருப்பது அதே பூண்தான், புதுச்சொல் தேவையில்லை. 'கணு விரிசல் விட்டிருக்கிறதா பார்', 'இழுநாண் தொய்ந்துவிட்டது, முடிச்சை இறுக்கு' என்று பேச்சிலும் இடறாமல் வருகிறது.

ஒன்று மட்டும் இங்கே முடிவாக வேண்டும். ஈழத்திலும் தமிழ்நாட்டின் சில ஊர்களிலும் தூளியை ஏணை என்பார்கள். ஏணையிருக்கை என்றாலும் எனக்குச் சம்மதமே, ஓசையும் நன்றாக இருக்கிறது. நம் சொற்பட்டியலில் தூளியிருக்கையை முதன்மையாகவும் ஏணையிருக்கையை மாற்றுச் சொல்லாகவும் சேர்க்கலாமா? ஏணை என்று சொல்லி வளர்ந்தவர்கள் கருத்தை எழுதுங்கள். அதற்குப் பிறகு பதிவேற்றுகிறேன்.

அன்புடன்