கடல் வரைபடக் குறிகள்: நட்டதும் மிதப்பதும்

தரங்கம்பாடியிலிருந்து, ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி:

சரக்குக் கப்பல்களில் வழிசெலுத்தும் அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, விசைப்படகில் தொழிலுக்குப் போகும் இளைஞர்களுடன் கடல் வரைபடத்தை விரித்து உட்காரும் வாய்ப்பு இப்போது அடிக்கடி கிடைக்கிறது. எல்லோரும் முதலில் நிறத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம், பச்சை மிதவை வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது இந்தியா உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளின் முறை. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் இது அப்படியே மாறிவிடும். இதைக் கற்க ஐந்து நிமிடம் போதும்.

அதைவிட முக்கியமானது, ஒரு குறி நிலத்தில் ஊன்றப்பட்டதா, நீரில் மிதப்பதா என்பதை வரைபடத்தைப் பார்த்தவுடன் பிரித்தறிவது. கலங்கரை விளக்கம், கம்பக் குறி போன்ற நிலையானவற்றின் விவரங்கள் நேரான எழுத்திலும், மிதவைகளின் விவரங்கள் சாய்ந்த எழுத்திலும் அச்சிடப்பட்டிருக்கும்; மிதவையின் உருவமே சற்றுச் சாய்த்துத்தான் வரையப்படும். அதன் அடியில் உள்ள சிறு வட்டம் மிதவையின் இடத்தைக் காட்டுகிறது என்றாலும், சங்கிலியில் கட்டப்பட்ட ஒரு பொருள் நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப நகரும் என்பதால், அந்த இடத்தைத் தோராயமானதாகவே கொள்ள வேண்டும். ஊன்றிய குறியை வைத்து நம் இடத்தைக் கணிக்கலாம். மிதவையை மட்டும் வைத்துக் கணிப்பது முறையன்று.

அடுத்து, விளக்குக்கு அருகில் எழுதப்பட்டிருக்கும் குறிப்பு. ஊதா கலந்த சிவப்பு நிறத் துளியோடு ஒரு நட்சத்திரமும், பக்கத்தில் ‘எஃப்எல்(3) 15எஸ் 36எம் 20எம்’ என்ற வரியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 15 வினாடிகளுக்கு ஒருமுறை மூன்று மின்னல்கள், விளக்கின் உயரம் 36 மீட்டர், ஒளியின் எட்டுதூரம் 20 கடல் மைல் என்பது இதன் பொருள். ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் வரும் ‘எம்’ மீட்டரையும், பெரிய எழுத்தில் வரும் ‘எம்’ கடல் மைலையும் குறிக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 20 கடல் மைல் என்பது காற்றுமண்டலத்தில் 10 கடல் மைல் வரை பார்வை தெளிவாக இருக்கும்போது அந்த ஒளிக்கு உள்ள வலிமையைச் சொல்கிறதே தவிர, பூமியின் வளைவைக் கணக்கில் கொள்வதில்லை. விளக்கின் உயரம், பார்ப்பவருடைய கண்ணின் உயரம் ஆகிய இரண்டையும் மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி, ஏறத்தாழ 2.1 ஆல் பெருக்கினால் அடிவானத்துக்கு மேல் விளக்கு எழும் தூரம் கடல் மைலில் கிடைக்கும். 25 மீட்டர் உயரத்தில் நிற்கும் கப்பல் அதிகாரிக்கு அது 23 கடல் மைல். ஃபைபர் படகில் 2 மீட்டர் உயரத்தில் கண் வைத்திருப்பவருக்குப் பதினைந்தரைதான். வரைபடத்தில் 20 என்று இருக்கிறதே, விளக்கைக் காணவில்லையே என்று படகில் இருப்பவர் திசையை மாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கணக்கை எல்லோரையும் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

அக்கரைப்பேட்டையிலிருந்து, விசைப்படகுச் சுக்கானி:

ஐயா சொன்ன கணக்கைப் படித்த பிறகு, கோடிக்கரை விளக்கு எங்கள் படகுக்கு எப்போது தெரிய வேண்டும் என்பதை எண்ணால் சொல்ல முடிகிறது. நம் காவிரிக் கழிமுகக் கரையில் மலையோ குன்றோ கிடையாது. தாழ்ந்த மணல் கரை என்பதால், மிகவும் அருகில் வந்த பிறகே நிலம் கண்ணில் படும். நாகூர் மினாரும் வேளாங்கண்ணிப் பேராலயத்தின் கூர்முகடுகளும் கரைக்கு முன்பே தெரிவதனால்தான் எங்கள் பெரியவர்கள் அவற்றை அடையாளமாகக் கொண்டார்கள். கரையில் முன்னும் பின்னுமாக உள்ள இரண்டு அடையாளங்களை ஒரே நேரில் சேர்த்து வைத்துக்கொண்டு படகைச் செலுத்துவது எங்கள் வழக்கம். வரைபடத்திலும் இதே முறை இருப்பதைக் கண்டபோது மிகுந்த மகிழ்ச்சி அடைந்தேன். இரண்டு ஊன்றிய குறிகளை இணைத்து ஒரு கோடு போட்டிருப்பார்கள். படகு போகத்தக்க பகுதியில் அது தொடர்கோடாகவும், மற்றப் பகுதியில் விட்டுவிட்டும் இருக்கும்.

மிதவை நகரும் என்பதையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு புயலுக்குப் பிறகு கரை திரும்புகையில், முகத்துவாரத்துக்கு வெளியே இருந்த மிதவை வழக்கத்தைவிட வடக்கே தள்ளி நின்றது. கரை அடையாளங்களும் ஆழமானியும் ஒன்றையே சொன்னதால், மிதவையை விட்டுவிட்டு அவற்றை நம்பி உள்ளே வந்தோம். முகத்துவார மணல்மேடு வாடைக்காலத்தில் இடம் மாறுவதால், அங்கே வரைபடத்திலுள்ள ஆழத்தையும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

பழையாற்றிலிருந்து ஒரு கேள்வி:

கறுப்பும் மஞ்சளும் பட்டையாக அடித்து, உச்சியில் இரண்டு கூம்புகள் வைத்த குறிகளை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது, ஐயா?

தரங்கம்பாடியிலிருந்து:

நல்ல கேள்வி, தம்பி. அவை திசைக் குறிகள். வடக்குக் குறி என்றால் அதற்கு வடக்கே பாதுகாப்பான நீர் இருக்கிறது, அந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று பொருள். ஆபத்து வடக்கே இருக்கிறது என்று தலைகீழாகப் புரிந்துகொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கூம்புகளின் முனை எங்கே காட்டுகிறதோ அங்கேதான் கறுப்புப் பட்டை இருக்கும். இரண்டும் மேல்நோக்கினால் வடக்கு, மேலே கறுப்பு; இரண்டும் கீழ்நோக்கினால் தெற்கு, கீழே கறுப்பு. முனைகள் ஒன்றையொன்று விலகி மேலும் கீழும் காட்டினால் கிழக்கு. இரண்டு முனைகளும் நடுவில் சந்தித்தால் மேற்கு.

இரவில் வெள்ளை ஒளியின் எண்ணிக்கையைக் கடிகார முகத்தோடு பொருத்திக்கொள்ளுங்கள். கிழக்கு 3, தெற்கு 6, மேற்கு 9, வடக்கு இடைவிடாத துடிப்பு. அலையில் படகு ஆடும்போது ஒன்றிரண்டு மின்னல்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். 6-க்கும் 9-க்கும் இடையே குழப்பம் வரக்கூடும். அதனால் தெற்குக் குறியில் மட்டும் ஆறு மின்னல்களை அடுத்து ஒரு நீண்ட ஒளியைச் சேர்த்திருக்கிறார்கள். எண்ணிக்கை தவறினாலும் அந்த நீண்ட ஒளி தெரிந்தால் அது தெற்குக் குறிதான்.