மெத் பழக்கத்துக்கு டிஎம்எஸ்: தலைக்காயம் பட்ட முன்னாள் ராணுவ வீரருக்குச் செய்யலாமா?

என் அண்ணன் முன்னாள் ராணுவ வீரர், வயது 41. பணியிலிருந்து வந்த பிறகு மெத் (மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள்) பழக்கம் ஒட்டிக்கொண்டது. நிறுத்தினால் முதல் வாரம் நாள் முழுக்கத் தூக்கம். அதற்கப்புறம்தான் கஷ்டமே: எதிலும் பிடிப்பில்லாமல், தாடையை இறுக்கிக்கொண்டு, ராத்திரியெல்லாம் கூடத்தில் நடந்துகொண்டே இருப்பார். பிறகு மறுபடி போய்விடுவார்.

இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்தே கிடையாது. கவுன்சலிங், மறுவாழ்வு மையம் எல்லாம் பார்த்தாயிற்று. சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வந்தால் பரிசு தரும் முறைதான் உருப்படியாக வேலை செய்தது. திட்டம் முடிந்ததும் பழையபடி. இப்போது குடிப்பழக்கத்துக்குத் தரும் நால்ட்ரெக்ஸோன் ஊசியும் மனச்சோர்வுக்குத் தரும் புப்ரோபியான் மாத்திரையும் போகிறது.

டாக்டர் டிஎம்எஸ் பற்றிச் சொல்கிறார். காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டுவது, மயக்க மருந்து வேண்டாம். அமெரிக்காவில் இந்த வகைச் சிகிச்சைக்கு மனச்சோர்வுக்காக 2008-லும் புகைப்பழக்கத்துக்காக 2020-லும் அனுமதி கிடைத்தது. மெத்துக்கு இன்னும் ஆய்வு நிலைதான்.

டிஎம்எஸ்ஸால் அபூர்வமாக வலிப்பு வரலாம், எனக்குப் பயம் அதை நினைத்துத்தான். அண்ணனுக்குக் குண்டுவெடிப்பில் தலையில் அடிபட்டிருக்கிறது. புப்ரோபியானும் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். ஸ்கேனில் உலோகத் துண்டு இல்லை, இதுவரை வலிப்பு வந்ததில்லை.

இப்படித் தலைக்காயம் உள்ள உங்கள் வீட்டு ஆளுக்கு டிஎம்எஸ் கொடுத்தபோது புப்ரோபியானை நிறுத்தினார்களா, குறைத்தார்களா, அப்படியே விட்டார்களா?