என்பிஇ என்றால் யார்? நேரில் அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்

போன மாதம் எங்கள் துறையில் சேர்ந்த டிஎன்பி (மருத்துவமனையிலேயே பயிற்சி பெற்றுப் படிக்கும் முதுநிலை மருத்துவப் படிப்பு) மாணவி ஒருவர் ரவுண்ட்ஸ் முடிந்ததும் கேட்டார்: "சார், எதைக் கேட்டாலும் என்பிஇ சொல்லிருச்சு, என்பிஇ சொல்லிருச்சுங்கறாங்க. அது யாரு சார்?" என்பிஇ என்பது தேசியத் தேர்வு வாரியம், டிஎன்பி பட்டம் தருவது அதுதான். இருபது வருடமாக அந்த வாரியத்தோடு தொடர்பில் இருக்கிறேன். முதலில் மாணவன், பிறகு கைடு, இப்போது சில வருடங்களாகத் தேர்வாளர். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் இதைத் தொடங்குகிறேன்.

தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1975-ல் தேசிய மருத்துவ அறிவியல் அகாதமியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது தேசியத் தேர்வு வாரியம். 1982-ல் தனியாகப் பிரிந்து, சங்கமாகப் பதிவாகித் தன்னாட்சி அமைப்பானது. உச்சியில் ஆட்சிக்குழு, அதற்கு ஒரு தலைவர். உறுப்பினர்களை மத்திய சுகாதார அமைச்சகம் நியமிக்கிறது. அன்றாட நிர்வாகம் செயல் இயக்குநரிடம். அதற்குக் கீழே மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தருவதைப் பார்க்க ஒரு குழு, ஒவ்வொரு துறைக்கும் நிபுணர்கள். பெரும்பாலும் நம்மைப் போல நோயாளி பார்க்கிறவர்கள்தான். வாரியத் தலைவராக இருந்த டாக்டர் அபிஜாத் சேத் இதய அறுவை நிபுணர்; 2025-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் தலைவராக நியமிக்கப்பட்டார்.

இன்னொன்றையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். நாம் என்பிஇயைத் திட்டுகிற பாதி விஷயங்கள் அங்கே முடிவாவதே இல்லை. முதுநிலை மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் பிஜியை நடத்துவது வாரியம். இடம் ஒதுக்கும் கவுன்சலிங் எம்சிசி என்கிற மருத்துவக் கவுன்சலிங் குழுவின் வேலை. விதிமுறைகள் மருத்துவ ஆணையத்துடையவை. 2023-ல் கட்ஆஃபைப் பூஜ்ய பர்சன்டைலுக்கு, அதாவது தேர்வு எழுதிய எல்லோரும் கவுன்சலிங்குக்குத் தகுதி என்ற அளவுக்கு, இறக்கியது சுகாதார அமைச்சகம். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் மனு எழுதி மாதக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். மருத்துவமனைப் பெயர் வேண்டாம்.

மறுமொழி (பொது அறுவை சிகிச்சை, டிஎன்பி முடித்தவர்)

நான் படித்தது ஒரு தனியார் மருத்துவமனை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் எங்கள் துறையில் மூன்று புதுப் பெயர்ப்பலகைகள் மாட்டினார்கள். அந்த மூன்று கன்சல்டன்ட்களையும் நான் அதுவரை பார்த்ததே இல்லை. "கேட்டா, தினமும் வர்றாங்கன்னு சொல்லிடுப்பா" என்றார் நிர்வாகத்திலிருந்து வந்தவர்.

வாரியம் அனுப்பிய மதிப்பீட்டாளர் ஒரு வயதான பேராசிரியர். தியேட்டர் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு எங்கள் நால்வரை மட்டும் உட்காரவைத்தார். "உன் கையால் எத்தனை ஹெர்னியா செய்தாய்?" என்பதுதான் முதல் கேள்வி. செய்த ஆபரேஷன்களைக் குறித்து வைக்கும் என் லாக் புக்கில் இருந்த எண்ணிக்கையைச் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். சொன்னபோதே கை நடுங்கியது. அங்கீகாரம் போனால் என் மூன்று வருடம் என்னாகும் என்ற பயம்.

அவர் ஆறுதலாக ஒன்று சொன்னார்: முடிவெடுப்பவர் அவர் அல்ல. அவர் பார்த்ததை எழுதி அனுப்புவார், அங்கீகாரக் குழு அதைப் படித்து முடிவு செய்யும். அடுத்த வருடம் எங்கள் துறைக்குப் புதிய சேர்க்கை கிடைக்கவில்லை. எங்களைத் தொடர விட்டார்கள். அதற்கப்புறம்தான் நிஜமாகவே ஒரு சீனியர் முழுநேரமாக வந்தார். என் கடைசி வருடத்தில் நான் கற்றதெல்லாம் அவரிடம்தான். டெல்லியில் நான் முகம் பார்க்காத யாரோ அந்த அறிக்கையை ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள். அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

மறுமொழி (வெளிநாட்டில் எம்பிபிஎஸ்)

எனக்கு என்பிஇ என்றால் எஃப்எம்ஜிஇ, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே மருத்துவம் பார்க்க எழுத வேண்டிய தேர்வு. 300 கேள்வி, 150 எடுத்தால் பாஸ், வருடத்துக்கு இரண்டு வாய்ப்பு. நெகட்டிவ் மார்க் கிடையாது. மூன்றாவது முறை தேறினேன். முதல் முறை 141. அம்மா சாமி அறையிலேயே இருந்தார், நான் வெளியே வந்து சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அதற்கு மேல் எழுத முடியவில்லை அண்ணா.

மறுமொழி (குழந்தை மருத்துவம்)

கேள்வி எழுதும் பணிக்கு ஒருமுறை போயிருக்கிறேன். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டிருப்பதால் எது, எப்போது என்று சொல்ல மாட்டேன். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் எழுதிய ஒரு கேள்வியை, வெவ்வேறு மாநிலங்களிலிருந்து வந்த நான்கு பேர் முக்கால் மணி நேரம் கிழித்தார்கள். இரண்டாவது விடையும் ஒரு பாடநூல்படி சரியாக வரும் என்று ஒருவர் சொல்ல, நான் வாதாட, கடைசியில் கேள்வியையே தூக்கிவிட்டார்கள். அன்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, இரண்டு லட்சம் பேருக்கு மேல் எழுதும் தேர்வில் தப்பான ஒரு கேள்வி எத்தனை பேரின் இடத்தை மாற்றியிருக்கும் என்று உறைத்தது.

ஆனால் அந்தக் கவனம் அறைக்குள்ளேயே பூட்டிக் கிடப்பதுதான் எனக்குக் குறை. 2024-ல் நீட் பிஜி தேர்வு இரண்டு ஷிஃப்டாக நடந்தது, மதிப்பெண்ணைச் சமன்செய்தார்கள். எந்த ஷிஃப்ட் கடினம் என்று மாணவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். 2025 மே 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரே ஷிஃப்டில் நடத்தச் சொன்னது. வாரியம் மையங்கள் ஏற்பாடு செய்ய அவகாசம் கேட்டு, ஜூன் 15-ல் நடக்க இருந்த தேர்வை ஆகஸ்ட் 3-ல் நடத்தியது. நடத்த முடிந்ததே! இதை ஆட்சிக்குழு தானாகவே முன்வந்து செய்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வழக்குப் போட்டவர்கள் படிக்கிற வயதுப் பிள்ளைகள்.

தொடங்கியவர்

குழந்தை மருத்துவ மேடம் சொல்வதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். எழுதிய எல்லோருக்கும் நன்றி. எஃப்எம்ஜிஇ தம்பி, நீங்கள் எழுதியதே போதும்.

என் பங்குக்கு ஒன்று. சில வருடம் முன்பு பக்கத்து மாநிலம் ஒன்றில் டிஎன்பி செய்முறைத் தேர்வுக்குத் தேர்வாளராகப் போனேன். தமிழ்நாட்டுப் பையன் ஒருவருக்கு அங்கே மையம் விழுந்திருந்தது. அவருக்கு வந்த லாங் கேஸ், அதாவது பேசி விசாரித்து முழுமையாகப் பரிசோதிக்க வேண்டிய நோயாளி, தெலுங்கு மட்டும் பேசும் ஒரு பாட்டி. பையனுக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஐந்து நிமிடம் கண்ணாலேயே தவித்தார். உடனிருந்த தேர்வாளர் ஒரு நர்ஸை அழைத்து மொழிபெயர்க்கச் சொன்னார், அந்த ஐந்து நிமிடத்தையும் அவருக்குத் திருப்பிக் கொடுத்தோம். அப்புறம் அருமையாகப் பரிசோதித்தார். மண்ணீரலைத் தொடுவதற்கு முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். அதைப் பார்த்த பாட்டி சிரித்துவிட்டார்.

மதிப்பெண்ணைத் தாளில் எழுதினோம், உறையில் போட்டு ஒட்டினோம், அது டெல்லிக்குப் போனது. எழுத்துத் தேர்வில் அவர் எடுத்தது என்ன, கடைசி முடிவு என்ன என்பதெல்லாம் எங்களுக்குச் சொல்லப்படாது. அதுதான் சரியும்கூட. ஆனால் அந்தப் பையன் தேறினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தம்பி, இதைப் படித்தால் கீழே ஒரு வரி எழுதுங்கள்.