உப்பைக் கடைசியில போடுங்க

குழு: நம்ம வீட்டு விசேஷம்

வியாழன்

இரவு 8.14
நான்: எல்லாரும் கொஞ்சம் இதைப் படிங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. பெரியவங்க 13, பசங்க 3, மொத்தம் 16 பேர். ராத்திரி சாப்பாடு சமையல்காரர் பாத்துப்பார். வந்து உக்காந்ததும் கையில என்ன குடுக்கறதுன்னுதான் யோசனை.

8.16
அம்மா: பஜ்ஜி, கேசரி. எப்பவும் அதானே.

8.19
நான்: கத்திரி வெயில்ல பஜ்ஜியாம்மா? அந்த நேரத்துக்கு ஹால்லயே அனல் அடிக்கும். அதோட தங்கச்சி மாமியாரே போன்ல சொல்லிட்டாங்க, பஜ்ஜி மாதிரி கனமான எண்ணெய்ப் பலகாரம் வேணாம், லேசா ஏதாவது இருந்தா போதும்னு. நான் பழத்துல காரமா மூணு நாலு ஐட்டம் பண்றேன்.

8.21
பெரியம்மா: பழம்னா வெட்டித் தட்டுல வெச்சாப் போச்சு. அதுல காரம் எங்கேர்ந்து வரும்

8.25
நான்: பெரியம்மா, மெரினாவுல எங்க எல்லாருக்கும் பொட்டலம் பொட்டலமா தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல் வாங்கிக் குடுத்தது நீங்கதான். அந்த மாங்கா இல்லாம வெறும் பட்டாணியைக் குடுத்திருந்தா தொட்டிருப்போமா? ஸ்கூல் வாசல்ல கீத்துப் போட்ட மாங்கா, கொய்யா, அன்னாசி, எல்லாத்துக்கும் மிளகாத்தூளும் உப்பும்தானே? நாம பொறந்ததுலேர்ந்து சாப்பிடறதுதான். வீட்டுக்கு ஆள் வந்தா மட்டும் அதை மறந்துட்டு எண்ணெய்ச் சட்டியை வெக்கறோம்.

8.27
பெரியம்மா: அது சரிதான். எனக்கு இப்பவே வாய் ஊறுது.

8.30
தம்பி: அக்கா, தர்பூசணியும் ஃபெட்டா சீஸும் சேத்துக் குச்சியில குத்திக் குடுக்கறாங்க இல்ல? கிரேக்க நாட்டுச் சாப்பாடு. ஆபீஸ் விருந்துல சாப்பிட்டேன், பிரமாதமா இருந்துச்சு.

8.36
நான்: அது லிஸ்ட்ல இருக்கு. ஆனா ஃபெட்டா வேணாம், விலையும் ஜாஸ்தி, பெரியவங்களுக்கு அந்த வாடை பிடிக்காது. பன்னீர் போதும். ஒரு விஷயம் மட்டும் இருக்கு. ஃபெட்டா உப்புத் தண்ணியிலயே ஊறுற சீஸ், அந்த உப்புதான் தர்பூசணியோட இனிப்பைத் தூக்கிக் குடுக்குது. பன்னீர்ல உப்பே கிடையாது, அப்படியே குத்தினா சப்புனு இருக்கும். அதனால 2 டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு டேபிள் ஸ்பூன் உப்பைக் கரைச்சு, பன்னீர்த் துண்டை அரை மணி நேரம் ஊற வெச்சு, துணியில ஒத்தி எடுக்கணும். மேல புதினா இலை, இடிச்ச மிளகு. அவ்வளவுதான்.

8.38
அம்மா: தர்பூசணின்னதும் போன வருஷம் பேத்தி பொறந்த நாள் ஞாபகம் வருது. தட்டு பூரா தண்ணி.

8.44
நான்: அதைத்தான் சொல்ல வந்தேன்மா. காலையிலயே வெட்டி, உப்பு, எலுமிச்சம்பழம் எல்லாம் கலந்து மூடி வெச்சுட்டேன். 4 மணிக்குத் திறந்தா பாதிக் கிண்ணம் சிவப்புத் தண்ணி, பழம் துவண்டு சக்கை மாதிரி கிடந்துச்சு. அவ்வளவு ஆசையா பண்ணது, அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஊறுகாய்க்கு மாங்காயில உப்புப் போட்டா தண்ணி விடுது இல்ல, அதே கதைதான். உப்பு பட்டா பழத்துக்குள்ள இருக்கற தண்ணி வெளிய வந்துடும். ஊறுகாய்க்கு அது வேணும், இதுக்கு வேணாம். அதனால இந்தத் தடவை பழத்து மேல உப்பு, மிளகாத்தூள், எலுமிச்சை எதுவா இருந்தாலும் தட்டு ஹாலுக்குப் போற அந்த நிமிஷம்தான். யார் சமையக்கட்டுல நின்னாலும் இதை மட்டும் மாத்தாதீங்க. ஆப்பிளுக்கு மட்டும் விதிவிலக்கு, வெட்டினதுமே நாலு சொட்டு எலுமிச்சை தடவணும், இல்லன்னா கறுத்துடும்.

8.51
சேலம் சித்தி: இப்பத்தான் பாத்தேன். எங்க ஊர்த் தட்டுவடை செட்டை விட்டுட்டீங்களே! நான் சனிக்கிழமை வண்டி ஏறும்போது 100 தட்டுவடை வாங்கிட்டு வந்துடறேன். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காரச் சட்னி, புதினாச் சட்னி, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம். அதுல கேரட்டைக் குறைச்சுட்டு மாங்காயைத் துருவிப் போடு. ஒரு வாய்ல மொறுமொறுப்பு, புளிப்பு, காரம் எல்லாம் வந்துடும்.

8.52
நான்: சித்தி!! இது போதும், மத்ததெல்லாம் துணைக்குத்தான்.

8.54
சேலம் சித்தி: ஆனா அடுக்கி வெச்சுட்டுக் காத்திருக்காத. அஞ்சு நிமிஷத்துல நமுத்துப் போயிடும். நானே நின்னு போட்டுத் தரேன், எடுத்துட்டுப் போய்க் குடுக்க ரெண்டு பேர் மட்டும் வேணும்.

9.02
தாம்பரம் மாமா: எங்க வீட்டுப் பின்னாடி நட்சத்திரப் பழம் குலை குலையா தொங்குது. வட்டமா வெட்டினா அழகா நட்சத்திரம் மாதிரி இருக்கும், புளிப்பும் உண்டு. ஒரு பை கொண்டு வரவா?

9.05
அண்ணி: மாமா, தயவுசெஞ்சு அது மட்டும் வேணாம். மாப்பிள்ளையோட தாத்தாவுக்கு டயாலிசிஸ் நடக்குது. கிட்னி சரியில்லாதவங்களுக்கு நட்சத்திரப் பழம் ரொம்ப ஆபத்து. அதுல இருக்கற ஒரு நச்சை நல்ல கிட்னி வெளியேத்திடும், பழுதான கிட்னியால முடியாது. விடாத விக்கல்ல ஆரம்பிச்சு, குழப்பம், வலிப்பு வரைக்கும் போகும், உயிருக்கே கூட ஆபத்தாகும். எங்க வார்டுல இதை எல்லா கிட்னி நோயாளிக்கும் சொல்லித்தான் அனுப்புவோம்.

9.07
தாம்பரம் மாமா: அய்யய்யோ, இது எனக்குத் தெரியவே தெரியாதே. தெருவுல கேக்கறவங்களுக்கெல்லாம் பறிச்சுக் குடுத்துட்டிருக்கேன். இனிமே கேட்டுட்டுத்தான் குடுக்கணும்.

9.12
அண்ணி: கிட்னி நல்லா இருக்கறவங்க அளவாச் சாப்பிட்டா பொதுவா ஒண்ணும் இல்ல மாமா. ஆனா ஞாயித்துக்கிழமை தட்டு கை மாறும், யாரு எதை எடுக்கறாங்கன்னு பாக்க முடியாது, அதான் சொன்னேன். வரவேற்புக்கு இளநீர் குடுக்கறதா இருந்தா தாத்தாவுக்கு வேணாம், பொட்டாசியம் அதிகம். மாம்பழம், மாதுளை, வாழைப்பழமும் அப்படித்தான். ஆப்பிள், அன்னாசி கொஞ்சம் பரவாயில்ல. எதுக்கும் அவர் மருமககிட்ட முன்னாடியே கேட்டுடு, அவங்க டாக்டர் சொன்ன அளவு அவங்களுக்குத்தான் தெரியும்.

9.14
நான்: நாளைக்குக் காலையிலயே பேசறேன் அண்ணி. தாத்தாவுக்குன்னு தனியா ஒரு சின்னத் தட்டு வெச்சுடலாம்.

வெள்ளி

காலை 10.40
நான்: பேசிட்டேன். தாத்தாவுக்குத் தோல் சீவின ஆப்பிள் நாலு துண்டு, மேல மிளகு, எலுமிச்சை, புதினா. உப்பு கிடையாது. அவங்க ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. எங்க போனாலும் தாத்தா வெறும் கையோட உக்காந்திருப்பாராம்.

10.48
அம்மா: கேக்கவே மனசு கஷ்டமா இருக்கு. சரி, அன்னாசியில ஒரு தயிர்ப் பச்சடி பண்ணட்டுமா? குச்சியில குத்தினதைத் தொட்டுக்க நல்லா இருக்கும்.

10.55
நான்: அம்மா, போன தடவை அன்னாசிப் பச்சடி கசந்துச்சே, ஞாபகம் இருக்கா? தயிர் கெட்டதுன்னு பால்காரரைக் கேட்டீங்க. தயிர் மேல தப்பே இல்லம்மா. பச்சை அன்னாசியில புரோமலைன்னு ஒரு நொதி இருக்கு, அது புரதத்தை உடைக்கும். தயிர், பால், பன்னீர் எதுல போட்டு வெச்சாலும் நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும். அன்னாசி நிறையச் சாப்பிட்டா நாக்கு அரிக்குதே, அதுக்கும் இதுதான் ஒரு காரணம். சூடு காட்டினா அந்த நொதி செத்துடும். அதனால அன்னாசியைக் கல்லுல சுட்டுடலாம். அரை அங்குல வில்லையா வெட்டி, தண்ணியை ஒத்தி எடுத்துட்டு, காய்ஞ்ச தோசைக் கல்லுல துளி நல்லெண்ணெய், பக்கத்துக்கு ரெண்டு மூணு நிமிஷம். அதுல இருக்கற சர்க்கரை லேசாக் கருகிப் பொன்னிறமா வரணும். இறக்கினதும் மிளகாத்தூள், வறுத்துப் பொடிச்ச சீரகம். உப்பு எப்போன்னு உங்களுக்கே தெரியும்.

10.57
அம்மா: பாவம், அந்தப் பால்காரர் ஒண்ணுமே சொல்லாம வேற பாக்கெட் குடுத்தாரு.

11.20
பெரியம்மா: நுங்கை யாரும் சொல்லலையே. எங்க தெரு முனையில வண்டி நிக்குது. இளசா இருக்கறதைத் தோல் உரிச்சு, நாலா வெட்டி, இஞ்சிச் சாறு, எலுமிச்சை, பொடியா நறுக்கின பச்சை மிளகா போட்டுச் சின்னக் கிண்ணத்துல குடு. வெயிலுக்கு அதை விட என்ன இருக்கு?

11.22
நான்: பெரியம்மா, நீங்கதான் நேத்து பழத்துல காரம் ஏதுன்னு கேட்டீங்க!

11.23
பெரியம்மா: ராத்திரி பூரா அதையேதான் நெனச்சிட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேலதான் வாங்குவேன், காலையில வாங்கினா சாயங்காலத்துக்கு நல்லா இருக்காது.

சனி

காலை 5.35
தாம்பரம் மாமா: கோயம்பேட்டுல நிக்கறேன். மாங்கா என்ன வேணும், சீக்கிரம் சொல்லு.

5.38
நான்: சுண்டலுக்கும் தட்டுவடைக்கும் கிளிமூக்கு 5, கெட்டியா, பச்சையா. அப்புறம் செங்காயா பங்கனபள்ளி 4. முழுசாப் பழுத்தது வேணாம் மாமா, மிளகாத்தூள் பட்டா குழைஞ்சுடும். அன்னாசி 2, தர்பூசணி 4 கிலோவுல ஒண்ணு.

5.41
தாம்பரம் மாமா: பங்கனபள்ளி பளபளன்னு ஒரே மஞ்சளா இருக்கு. எடுக்கவா?

5.44
அண்ணி: மோந்து பாருங்க மாமா. காம்புக்கிட்ட வாசனையே இல்லாம வெளிய மட்டும் மஞ்சளா இருந்தா, கல்லு வெச்சுப் பழுக்க வெச்சதோன்னு எனக்கு சந்தேகம் வரும். கார்பைடு கல்லுக்கு நம்ம நாட்டுல தடை இருக்கு, எத்திலீன் வாயுவுக்குத்தான் அனுமதி. அடுத்த கடையைப் பாருங்க. எங்க வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் ஓடற தண்ணியில நல்லாக் கழுவிடணும்.

6.10
தாம்பரம் மாமா: நாலு கடை தள்ளி வாங்கிட்டேன். பச்சையும் மஞ்சளுமா இருக்கு, காம்புல பால் வாசனை. இதுதானே?

6.11
நான்: அதேதான் மாமா.

மதியம் 3.15
நான்: நாளைக்கு நேரக்கணக்கு. பட்டாணி அரை கிலோ இன்னைக்கு ராத்திரியே ஊற வெச்சுடறேன். வெட்டின பழம் 32 டிகிரிக்கு மேல இருக்கற சூட்டுல ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய இருக்கக் கூடாது. நம்ம ஹால் நாளைக்கு அதைத் தாண்டிடும். அதனால 4 மணிக்கு முன்னாடி கத்தியே எடுக்கக் கூடாது. வெட்டினதும் ஃபிரிட்ஜுல வெச்சுட்டு, கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுக்கணும். ஒரே தட்டுல மலையாட்டம் குவிக்க வேணாம்.

3.17
தம்பி: குச்சி குத்தறது என் வேலை. 16 பேருக்கு ஆளுக்கு மூணு, 48. இன்னும் ஒரு 10 சேத்துக்கறேன்.

3.20
தங்கச்சி: நானும் செய்வேன். பட்டுப் புடவை கட்டிட்டு ரூம்லயே உக்காந்திருக்க மாட்டேன், சொல்லிட்டேன். சித்தி பக்கத்துல நின்னு மாங்கா துருவறேன்.

ஞாயிறு

இரவு 10.50
நான்: எல்லாரும் வீடு சேந்தாச்சா? எனக்குத் தூக்கமே வரல. தட்டுவடை 100ல மீதி 11. தர்பூசணிக் குச்சியைப் பசங்க மூணு பேரும் வாசல்லயே முடிச்சுட்டாங்க. சுட்ட அன்னாசி முதல்ல யாரும் தொடல, மாப்பிள்ளையோட அப்பா ஒண்ணு எடுத்துப் பாத்துட்டு, "இது என்ன, சுட்டதா?"ன்னு கேட்டாரு. அப்புறம் தட்டு சமையக்கட்டுக்குத் திரும்பியே வரல.

10.54
பெரியம்மா: நுங்கு?

10.56
நான்: ரெண்டாவது கிண்ணம் கேட்டவங்க நாலு பேர். அடுத்த தடவை பச்சை மிளகாயை இன்னும் பொடியா நறுக்கணும் பெரியம்மா, ஒரு பையனுக்குக் கடிபட்டுக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

10.58
அண்ணி: தாத்தா சாப்பிட்டாரா?

11.02
நான்: அவர் பேரைச் சொல்லித் தட்டைக் குடுத்ததும் கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டிருந்தாரு அண்ணி. நாலு துண்டையும் மெதுவா மென்னு சாப்பிட்டாரு. கிளம்பும்போது என் கையைப் பிடிச்சு, "மிளகு நல்லா இருந்துச்சும்மா"ன்னாரு.

11.04
அம்மா: நான் பாத்தேன். எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

11.06
சேலம் சித்தி: காலையில 6 மணிக்கு எனக்கு வண்டி. மீதித் தட்டுவடை நீல டப்பாவுல இருக்கு, ரெண்டு சட்னியும் ஃபிரிட்ஜுல. மாங்காதான் தீந்து போச்சு, நாளைக்கு யாராவது ஒண்ணு வாங்கிட்டு வாங்க.