கடையில் நான்கு கணினிகள். தினமும் இரண்டில் மட்டும் இணையம் வருகிறது, எந்த இரண்டு என்பதும் மாறுகிறது

ஜெராக்ஸ்_கடை:
வணக்கம். தென்காசிப் பக்கம் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நான்கு கணினிகள், ஒரு பிரிண்டர். எல்லாமே கேபிள் இணைப்பு. ஆயுத பூஜை முடிந்து கடை திறந்த நாளிலிருந்து தொல்லை. காலையில் இரண்டு கணினிகளில் இணையம் வருகிறது, இரண்டில் வருவதில்லை. நேற்று முதல் மேசை படுத்தது; இன்று அது ஓடுகிறது, மூன்றாவது படுத்துவிட்டது. படுத்த கணினியிலிருந்து பிரிண்டருக்கும் எதுவும் போகவில்லை. கேபிளை மாற்றிப் பார்த்தேன். இணைப்பு கொடுத்தவர்களைக் கூப்பிட்டால் "லைன் சரியாகத்தான் இருக்கிறது" என்கிறார்கள். வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க வந்தவர்கள் வாசல்வரை நிற்கிறார்கள். எனக்கு நெட்வொர்க் பாடம் தெரியாது. புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

மின்னல்:
டிஎன்எஸ் கோளாறு. கூகுளின் டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8 என்று மாற்றுங்கள், சரியாகிவிடும்.

ஜெராக்ஸ்_கடை:
மாற்றினேன் தம்பி. அப்படியேதான் இருக்கிறது.

கம்பிவலை:
அப்படியேதான் இருக்கும் அண்ணாச்சி. இணையத்தில் எது நின்றாலும் 8.8.8.8 என்பது, எந்தக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போல. டிஎன்எஸ்ஸின் வேலை, இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க் முகவரியை, சொல்வது, அவ்வளவுதான். உங்கள் பிரிண்டர் பக்கத்து மேசையில் இருக்கிறது. அதற்கு வழி கேட்க யாரும் வெளியே போக வேண்டியதில்லை. அதுவே கிடைக்கவில்லை என்றால் கோளாறு கடைக்குள்தான்.

ஓடுகிற கணினி ஒன்று, ஓடாத கணினி ஒன்று, இரண்டிலும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். நீளமாக வரும், பயப்படாதீர்கள். ஐபிவி4 முகவரி, சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வே, டிஎச்சிபி சர்வர் என்ற நான்கு வரிகள் மட்டும் வேண்டும்.

ஜெராக்ஸ்_கடை:
ஓடுவது: 192.168.1.103, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1, டிஎச்சிபி சர்வர் 192.168.1.1.
ஓடாதது: 192.168.0.101, மாஸ்க் அதேதான், கேட்வே 192.168.0.1, டிஎச்சிபி சர்வர் 192.168.0.1.
மூன்றாவது எண் ஒன்றில் 1, மற்றதில் 0. இதனால் இவ்வளவு தொல்லை வருமா?

கம்பிவலை:
அதனால்தான் வருகிறது. சென்னையில் பல வீட்டு வாசல்களில் "பழைய எண், புதிய எண்" என்று இரண்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். உங்கள் கடையிலும் கதவு எண் கொடுக்க இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கணினி எழுந்ததும் அதற்குத் தன் முகவரி தெரியாது. "எனக்கு யாராவது முகவரி கொடுங்கள்" என்று கம்பி முழுக்கக் கேட்கும்படி கூவுகிறது. முகவரி பங்கிடும் டிஎச்சிபி சர்வர் "இந்த எண் காலி, வேண்டுமா?" என்கிறது. "சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று கணினி சொல்ல, "உனக்கேதான், இத்தனை மணி நேரத்துக்கு" என்று சர்வர் முடித்துவைக்கிறது. நான்கே பேச்சு. முகவரியோடு கேட்வே, டிஎன்எஸ் விவரங்களும் கைக்கு வந்துவிடும். வீட்டு ரூட்டர்களில் இந்தச் சர்வர் உள்ளேயே இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், கணினி பொதுவாக முதலில் கேட்ட குரலையே நம்பிவிடும். "நீ யார், உனக்கு அதிகாரம் உண்டா" என்று விசாரிக்காது. 1990களில் வகுத்த ஏற்பாடு. ஒரே கம்பியில் இருப்பவர்கள் நல்லவர்கள் என்று எண்ணிவிட்டார்கள். ஆகவே, எந்தச் சர்வர் முந்துகிறதோ அதைப் பொறுத்து அன்றைய அதிர்ஷ்டம்.

இனி மாஸ்க். 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்கள் தெருப்பெயர், கடைசி எண் வீடு. தெரு ஒன்றென்றால் நேராகப் போய்க் கொடுக்கலாம். தெரு வேறென்றால், தெருவை விட்டு வெளியே போகும் வாசலான கேட்வேயிடம் கொடுக்க வேண்டும். பிரிண்டர் 192.168.1 தெருவில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஓடாத கணினி 192.168.0 தெருவில் நின்றுகொண்டு, எங்கேயும் போகாத ஒரு கேட்வேயிடம் தாளை நீட்டுகிறது.

கடையில் இன்னொரு ரூட்டர் இருக்கிறதா?

ஜெராக்ஸ்_கடை:
பிரிண்டர் 192.168.1.50, சரியாகச் சொன்னீர்கள். ஆனால் ரூட்டர் ஒன்றுதான் தம்பி. இணைப்புக்காரர்கள் வைத்தது.

தறிநூல்:
அண்ணாச்சி, கைப்பேசியில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். பூஜைக்கு முன்பு இல்லாத பெயர் ஏதாவது தெரிகிறதா?

ஜெராக்ஸ்_கடை:
ஒன்று தெரிகிறது. ஏதோ கம்பெனிப் பெயரும் பின்னால் எண்களும். பக்கத்துக் கடையுடையது என்று விட்டுவிட்டேன். சிக்னல் முழுதாக இருக்கிறது.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே நினைவு வருகிறது. மேசைக்கு அடியில் பழைய ரூட்டர் ஒன்று கிடக்கிறது. முன்பு ஒரு பையன் வந்து, "கேபிள் குத்த இடம் போதவில்லை, இதைக் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் ஸ்விட்சாக வைத்துக்கொள்ளலாம்" என்று மாட்டிவிட்டுப் போனான். அதை நான் ரூட்டராகவே நினைக்கவில்லை. பூஜைக்கு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். திரும்ப மாட்டும்போது விளக்கு எரியவில்லை என்று வேலைப் பையன் பின்னால் இருந்த சின்னப் பொத்தானைக் குச்சியால் அழுத்திப் பிடித்தானாம்.

கம்பிவலை:
அது ரீசெட் பொத்தான். அந்தப் பழைய பையன் கெட்டிக்காரன். டிஎச்சிபியை அணைத்து, வைஃபையையும் அணைத்து வைத்திருக்கிறான். குச்சி பட்டதும் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிட்டது.

செய்ய வேண்டியது: முதன்மை ரூட்டரிலிருந்து பழையதற்குப் போகும் கேபிளைக் கழற்றுங்கள். இப்போதே பாதி அமைதி. பழையதில் ஒரே ஒரு கணினியை மாட்டி, பிரவுசரில் 192.168.0.1 திறங்கள், கடவுச்சொல் பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும். வைஃபையை அணையுங்கள், டிஎச்சிபியை அணையுங்கள், கடைசியாக அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். வரிசை முக்கியம், முகவரியை முதலில் மாற்றினால் அந்தப் பக்கமே கைவிட்டுப் போகும். அந்த 2, முதன்மை ரூட்டர் பங்கிடும் எண்களுக்குள் வராமல் இருக்க வேண்டும். பிரிண்டரின் 50ம் அப்படியே. பிறகு கேபிளைப் பழையபடி மாட்டுங்கள், ஆனால் பழைய ரூட்டரில் கணினிகளுக்கான லேன் (LAN) துளையில். வேறு நிறத்தில் தனியாக இருக்கும், வெளி இணைப்புக்கான வேன் (WAN) துளையில் வேண்டாம். கணினிகளை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். முதலில் மாற்றிய 8.8.8.8ஐயும் 'தானாக' என்ற நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.

புதுமுகம்_22:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மடிக்கணினியில் 169.254 என்று தொடங்கும் எண் வருகிறது. எனக்கும் இரண்டு சர்வர்களா?

தறிநூல்:
உங்களுக்கு ஒன்றுகூட இல்லை. கூவிக் கூவிப் பார்த்து யாரும் பதில் சொல்லாததால் விண்டோஸ் தானே ஒரு எண்ணைச் சூட்டிக்கொண்டது. கேபிளையும் ரூட்டரையும் பாருங்கள். தீராவிட்டால் தனி இழை தொடங்குங்கள்.

ஜெராக்ஸ்_கடை:
நான்கு கணினிகளும் 192.168.1 தெருவுக்கு வந்துவிட்டன. பிரிண்டரும் பேசுகிறது. மாலைக்குள் வரிசை கரைந்துவிட்டது. தனி ஸ்விட்ச் வாங்கினால் இந்தத் தொல்லையே வராதா?

கம்பிவலை:
வராது. சாதாரண ஐந்து துளை ஸ்விட்ச் போதும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அதற்கு முகவரி கொடுக்கவே தெரியாது.

ஜெராக்ஸ்_கடை:
சனிக்கிழமை திருநெல்வேலி போகிறேன், வாங்கிவிடுகிறேன். அதுவரை அந்தப் பொத்தான் மீது செலோடேப் ஒட்டியிருக்கிறேன். பையன் அதன் மேலும் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டான்.